எட்டா, ஆறா, நான்கா, இரண்டா: லாகிங்குக்கு எத்தனை லெவல் போதும்?

புதிதாக ஒரு சேவை எழுதத் தொடங்கும் டீமில், எந்த டேட்டாபேஸ் என்பதற்கு நாள்கணக்கில் விவாதம் நடக்கும். லாகிங்கில், அதாவது புரோகிராம் தன் ஓட்டத்தைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகளில், எந்தெந்த லெவல்களை (ஒவ்வொரு குறிப்பும் எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் முத்திரைகளை) வைத்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். லைப்ரரி எதைக் கொடுத்ததோ அதுதான். பைத்தான் என்றால் ஐந்து, ஜாவாவில் லாக்4ஜே என்றால் ஆறு, கோ மொழியின் எஸ்லாக் என்றால் நான்கு, பிஹெச்பியில் மோனோலாக் என்றால் எட்டு. ஒரே நிறுவனத்தில் இந்த நான்கு மொழிகளிலும் சேவைகள் ஓடுகின்றன என்று வையுங்கள். எல்லா லாகும் ஒரே இடத்தில் வந்து குவியும்போதுதான் விஷயம் வெளியே வரும்: ஒருவருடைய கிரிட்டிக்கல் இன்னொருவருக்கு எரர், மூன்றாமவருக்கு அதுவே வெறும் வார்னிங்.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டீம்களுக்கு டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர் என்ற நான்கு போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு லெவலையும் பார்த்து யாராவது வேறொரு வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு லெவல்களைப் பார்த்து அதே ஆள் அதே வேலையைத்தான் செய்கிறார் என்றால், அவற்றில் ஒன்று வேண்டாதது. மற்ற முறைகளுக்கு எதிராக நான் வைக்கும் வாதம் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

பேசுவதற்கு ஒரு உதாரணம் வேண்டும். ஓடிபி அனுப்பும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். எஸ்எம்எஸ் கொடுக்கும் வெளி நிறுவனத்தை அழைக்கிறது. முதல் முயற்சி டைம்அவுட். இரண்டாவது முயற்சியில் போய்ச் சேர்ந்துவிட்டது. பயனர் எதையும் உணரவில்லை. இன்னொரு நாள், மூன்று முயற்சியும் தோற்று ஓடிபி போகவே இல்லை. வேறொரு நாள், யாரோ ஒன்பது இலக்க மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். இந்த மூன்றுக்கும் எந்த லெவல்?

சிஸ்லாகின் எட்டு

இருப்பதிலேயே பழையது இது. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காகச் செய்தது. பின்னால் யூனிக்ஸ் உலகம் முழுவதும் பரவியது. 0 எமர்ஜென்சி, 1 அலர்ட், 2 கிரிட்டிக்கல், 3 எரர், 4 வார்னிங், 5 நோட்டீஸ், 6 இன்ஃபோ, 7 டீபக். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். செய்தியின் தலையில் ஒரே எண்ணாக இதை அடைத்து அனுப்புவார்கள்: எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதற்கான எண்ணை எட்டால் பெருக்கி, அதோடு தீவிர எண்ணைக் கூட்டுவது. 34 என்று வந்தால் 4×8+2, அதாவது பாதுகாப்புப் பகுதியிலிருந்து வந்த கிரிட்டிக்கல். கடைசி மூன்று பிட்டில் தீவிரம் அடங்கிவிடுகிறது. எட்டுக்கு மேல் ஒன்று சேர்க்க இடமும் இல்லை.

இந்த எட்டு யாருக்காக வந்தது என்று பார்த்தால் அதன் நியாயம் புரியும். ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதில் ஒரே நேரத்தில் பலர் லாகின் செய்து வேலை செய்கிறார்கள். எமர்ஜென்சி என்றால் இயந்திரமே பயன்படுத்த முடியாத நிலை. பழைய சிஸ்லாக் அமைப்பில் அந்தச் செய்தி லாகின் செய்திருக்கும் எல்லோருடைய திரையிலும் வந்து விழும். அலர்ட் என்றால் ஆப்பரேட்டர் உடனே எழுந்துபோய் ஏதாவது செய்ய வேண்டும். ஆக அந்த நாளில் ஒவ்வொரு லெவலுக்கும் உண்மையிலேயே வேறு வேறு ஆள் இருந்தார்.

இன்று நம் ஓடிபி சேவை பத்து இருபது கன்டெய்னர்களில் (தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டிகளில்) ஒன்றாக ஓடுகிறது. 'சிஸ்டம் முழுவதும் பயன்படுத்த முடியாத நிலை' என்று அறிவிக்க அதற்கு என்ன தெரியும்? தன் பக்கத்து கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்பதுகூட அதற்குத் தெரியாது. மூன்று முயற்சியும் தோற்ற கதையை இந்த எட்டில் வைக்கச் சொன்னால் ஒருவர் எரர் என்பார், ஒருவர் கிரிட்டிக்கல் என்பார், எஸ்எம்எஸ் நிறுவனத்தோடு ஏற்கெனவே சண்டை போட்டு அலுத்தவர் அலர்ட் என்பார். மூவரும் தவறில்லை. எஸ்எம்எஸ் நிறுவனத்துக்கு போன் போடுவது என்ற ஒரே வேலைதான் மூன்றுக்கும். அப்புறம் எதற்கு மூன்று பெயர்?

2009இல் வந்த, சிஸ்லாகை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5424 இதை மறைக்கவே இல்லை. தீவிரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும், எல்லா அனுப்புநரும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள் என்று வாங்குபவர் எண்ணிக்கொள்ளக் கூடாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. நெட்வொர்க் ஆட்களுக்கு இது பழக்கம். சிஸ்கோ கருவியில் ஒரு இன்டர்ஃபேஸ் விழுந்தால் 'லிங்க்-3-அப்டவுன்' என்று வரும். 3 என்றால் எரர். அதே இன்டர்ஃபேஸ் மீண்டும் எழுந்து நின்றாலும் அதே 3தான். நல்ல சேதிக்கும் எரர். செய்தியின் வகைக்கு ஒரு எண்ணை ஒட்டிவிட்டதால் வந்த விளைவு.

எட்டு எங்கே பொருந்தும் என்றால், இயந்திரத்தோடு நேரடியாக வேலை செய்யும் இடங்களில். லினக்ஸ் கெர்னல் இதே எட்டைத்தான் வைத்திருக்கிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னலும் அப்படியே. நீங்கள் எழுதுவது ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), ரூட்டருக்கான ஃபர்ம்வேர், அல்லது லினக்ஸ் சர்வர் நிர்வாகிகள் நேரடியாக ஜர்னலில் பார்க்கப்போகும் ஏதோ ஒன்று என்றால், வேறெதையும் யோசிக்காமல் எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கப்போகிறவர்களின் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

ஜாவா வழி வந்த ஆறு, அதில் ஃபேட்டல்

ஃபேட்டல், எரர், வார்ன், இன்ஃபோ, டீபக், டிரேஸ். லாக்4ஜே பரப்பிய வரிசை இது. டாட்நெட்டிலும் ஆறு, ஃபேட்டலுக்குப் பதில் கிரிட்டிக்கல் என்ற பெயரில். நோடில் பினோவும் ஆறுதான். ஜாவாவின் சொந்த லாகிங் லைப்ரரி ஏழு வைத்திருக்கிறது. அதில் ஃபைன், ஃபைனர், ஃபைனஸ்ட் என்று மூன்று. இந்த மூன்றுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்று தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

நான்கிலிருந்து ஆறுக்குப் போனால் கூடுவது மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருக்கும் டிரேஸ் பெரிய தொந்தரவு இல்லை. நெட்வொர்க் பைட்டுகள், பார்ஸரின் ஒவ்வொரு அடி என்று கொட்ட வேண்டிய லைப்ரரிகளுக்கு அது உதவும். ரஸ்ட் மொழியின் லாக் லைப்ரரியில் டிரேஸ் உண்டு. வெளியீட்டுக்கான பில்டில் அந்த வரிகளைத் தொகுக்கும்போதே கழற்றிவிடவும் வசதி இருக்கிறது. ஓடிபி சேவை போன்ற ஒன்றுக்கு டீபக் இருந்தால் போதும்.

மேலே இருக்கும் ஃபேட்டல்தான் சிக்கல். 'இனி ஓட முடியாது, நான் சாகிறேன்' என்று புரோகிராம் தானே அறிவிப்பது. முதல் கேள்வி, அறிவிக்க அதற்கு நேரம் கிடைக்குமா? மெமரி தீர்ந்து கெர்னல் ஒரு புராசஸைக் கொன்றால் அது ஒரு வரி எழுதுவதற்குக்கூட வாய்ப்பில்லை. மிக மோசமான சாவுகள் ஃபேட்டலில் வருவதே கிடையாது. அடுத்தது, எழுதும் வேலையோடு சாகும் வேலையையும் சேர்த்துக் கட்டிவிடும் லைப்ரரிகள். கோ மொழியின் பழைய லாக் பேக்கேஜில் ஃபேட்டல் என்று அழைத்தால், எழுதிய கையோடு புராசஸ் வெளியேறிவிடும். முடிவில் ஓடவேண்டும் என்று டிஃபர் போட்டு வைத்த சுத்தப்படுத்தும் வேலைகள் எதுவும் ஓடாது. உள்ளே ஆழத்தில் யாரோ ஒரு லைப்ரரிக்காரர் அதை எழுதிவைத்திருந்தால், உங்கள் சேவை சாவதை அவர் முடிவு செய்கிறார் என்று பொருள். ஜாவாவின் இன்னொரு லாகிங் லைப்ரரியான எஸ்எல்எஃப்4ஜே இதனால்தான் ஃபேட்டலை வைக்கவில்லை: புரோகிராம் எப்போது நிற்க வேண்டும் என்பது லாகிங் லைப்ரரியின் வேலை இல்லை, லாகிங்கின் பார்வையில் எரருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனால் ஃபேட்டலுக்கு மிகத் தெளிவான பொருள் கொடுத்த ஒரு மென்பொருள் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். அங்கே எரர் என்றால் இப்போது ஓடிய கட்டளை மட்டும் ரத்து. ஃபேட்டல் என்றால் அந்த செஷன், அதாவது அந்த ஒரு இணைப்பு, முடிந்தது. பேனிக் என்றால் எல்லா செஷனும் அறுந்தது. என்ன செத்தது என்பதை வைத்து வரையறை. இதில் விவாதத்துக்கே இடமில்லை, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல முடியாது. நான் பார்த்த லெவல் வரையறைகளிலேயே சுத்தமானது என்று இதைச் சொல்வேன்.

சரி, அந்த வரையறையை வைத்து இரவில் ஆளை எழுப்பும் அலாரம் ஒன்றைக் கட்டுங்கள். ஒருவர் பாஸ்வேர்டைத் தவறாக அடித்தால் போஸ்ட்கிரெஸ் லாகில் என்ன வரும்? ஃபேட்டல். செஷன் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டதல்லவா, அந்த விதிப்படி அது ஃபேட்டல்தான். கனெக்‌ஷன் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினாலும் ஃபேட்டல். நிர்வாகி தானே ஒரு இணைப்பைத் துண்டித்தாலும் ஃபேட்டல். இவற்றில் இரண்டாவது மட்டும்தான் யாரையாவது எழுப்பத் தகுந்தது.

வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை நினைத்துப்பாருங்கள். 1 முதல் 11 வரை எண். செய்தியில் கேட்கும்போது ஏழு ஆறைவிட மோசம் என்றுதான் தோன்றும். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைச் சொல்பவை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் அல்லது துறைமுகத்தின் மேலேயே வருமா என்பதில்தான் வேறுபாடு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கப்பல்காரருக்கு அது முழுக்க அர்த்தமுள்ள வரிசை, அவர் செய்ய வேண்டியது ஒவ்வொன்றுக்கும் வேறு. கரையில் இருக்கும் நமக்கு அது தீவிரத்தின் அளவுகோல்போலத் தெரிகிறது. போஸ்ட்கிரெஸின் ஃபேட்டலும் அப்படித்தான்: செஷனை நிர்வகிப்பவருக்குத் துல்லியமான சேதி, ஆன்-காலில் (பிரச்சினை வந்தால் எழுந்து கவனிக்கும் முறையில்) இருப்பவருக்கு வெறும் இரைச்சல்.

ஆக ஒரு லெவல் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாக இருக்கப் பார்க்கிறது. எது செத்தது, யார் கவனிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம். எண்ணிக்கையை ஆறாக, எட்டாகக் கூட்டும்போது இந்த மூன்றும் ஒரே வரிசையில் கலந்துபோகின்றன. எது செத்தது என்பதை ஒரு தனி ஃபீல்டில் எழுதுங்கள். யார் கவனிக்க வேண்டும் என்பது சேவையின் பெயரிலேயே இருக்கிறது. லெவலுக்கு விட்டுவைக்க வேண்டியது மூன்றாவதை மட்டும்.

இரண்டே போதும் என்பவர்கள்

கோ மொழி வட்டத்தில் டேவ் சேனி 2015இல் முன்வைத்த வாதம் இது. வார்னிங்கை யாரும் படிப்பதில்லை, எனவே வேண்டாம். எரர் என்பதையோ நீங்கள் சமாளித்துவிட்டீர்கள் என்றால் அது இனி எரர் இல்லை, சமாளிக்கவில்லை என்றால் மேலே இருப்பவருக்குத் திருப்பிக் கொடுங்கள்; லாகில் எழுதிவிட்டுத் திருப்பியும் கொடுக்காதீர்கள். மிச்சம் இருப்பது பயனருக்கான இன்ஃபோ, எழுதுபவருக்கான டீபக். அவ்வளவுதான்.

முதலில் கேட்கும்போது அடாவடியாகத் தோன்றும். ஓடிபி உதாரணத்தில் வைத்துப் பார்த்தால் அதன் கூர்மை தெரியும். முதல் முயற்சி டைம்அவுட் ஆனது, இரண்டாவதில் சமாளித்துவிட்டோம். அது ஒரு தகவல், முயற்சி எண்ணோடு இன்ஃபோவில் ஒரு வரி. மூன்றும் தோற்றால் அழைத்தவருக்கு எரரைத் திருப்புகிறோம், உச்சியில் இருப்பவர் ஒரே ஒரு முறை எழுதுகிறார். பல கோட்பேஸ்களில் நடப்பது என்ன? ஹெச்டிடிபி கிளையன்ட் ஒரு எரர் எழுதும், அதைச் சுற்றிய ரீட்ரை ஒரு எரர், சர்வீஸ் லேயர் ஒரு எரர், கன்ட்ரோலர் ஒரு எரர். ஒரே தோல்விக்கு நான்கு வரி, நான்கு ஸ்டாக் டிரேஸ். டேஷ்போர்டில் பிரச்சினை நான்கு மடங்காகத் தெரியும். இந்த ஒழுங்கை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாலே பாதி நோய் தீரும்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டஸ் உலகம் ஏறக்குறைய இந்த வழியில் போயிருக்கிறது. அங்கே கன்ட்ரோலர் எழுதுபவர்கள் பயன்படுத்தும் லாக்ஆர் என்ற இடைமுகத்தில் இன்ஃபோவும் எரரும் மட்டும்தான். வார்னிங் கிடையாது. ஆனால் இன்ஃபோவுக்கு வி என்று ஒரு எண் கொடுக்கலாம். எண் ஏற ஏற விவரம் கூடும். 2 என்பது வழக்கமான ஓட்டத்துக்கு, 4 என்பது டீபக் அளவுக்கு, அதன் கட்டளைக் கருவியான குபெக்டிஎல்லில் 8 வைத்தால் ஹெச்டிடிபி அழைப்பின் உள்ளடக்கமே கொட்டும். பார்த்தீர்களா, முன்வாசலில் வெளியேற்றிய லெவல்கள் பின்வாசலில் எண்களாக வந்து உட்கார்ந்துவிட்டன. குபர்நெட்டஸில் வேலை செய்பவர்களுக்கு 4 எது, 5 எது என்பது பழகிவிடும். உங்கள் டீமில் அடுத்த மாதம் சேரப்போகும் ஆளுக்கு அது பழக வேண்டும் என்று ஏன் நிர்பந்தம்?

எரர் என்ற தனிப் பெயரை விடுவதற்கும் எனக்கு மனமில்லை. இரவு இரண்டு மணிக்கு லாகைத் திறப்பவர் முதலில் செய்வது எரரை மட்டும் வடிகட்டுவது. அந்த ஒரு பிட் தகவல் அவருக்குக் கிடைக்க வேண்டும். லாக்ஆரும் அதை மட்டும் தக்கவைத்துக்கொண்டதைக் கவனியுங்கள்.

நான்கு, நிபந்தனைகளோடு

2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21இல்தான் எஸ்லாக் சேர்ந்தது. இத்தனை வருட விவாதத்துக்குப் பிறகு வந்த வடிவம் என்பதால் கவனித்துப் பார்க்கத்தக்கது. டீபக் -4, இன்ஃபோ 0, வார்ன் 4, எரர் 8. ஃபேட்டல் இல்லை, டிரேஸ் இல்லை. நடுவில் இடைவெளி விட்டதும் வேண்டுமென்றேதான்: இன்ஃபோவுக்கும் வார்னுக்கும் நடுவில் நோட்டீஸ் என்று ஒன்று வைத்திருக்கும் கூகுள் கிளவுட் போன்ற அமைப்புகளோடு பொருத்திக்கொள்ள முடியும்.

நான்கு என்றால் எந்த நான்கும் சரி என்று ஆகாது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் வெகுகாலம் டீபக், வெர்போஸ், நோட்டீஸ், வார்னிங் என்ற நான்கோடு ஓடியது. எரர் என்று ஒன்றே கிடையாது. மிக முக்கியமானதெல்லாம் வார்னிங். ரெடிஸ் லாகைப் பார்த்து 'வார்னிங்தானே' என்று கடந்து போகாதீர்கள்.

நம் நான்குக்கு வருவோம். எரர்: பயனர் கேட்டது நடக்கவில்லை, காரணம் நம் பக்கமோ நாம் நம்பியிருக்கும் யாரோவோ, இன்றைக்குள் ஒருவர் பார்த்தாக வேண்டும். மூன்று முயற்சியும் தோற்ற ஓடிபி இதில் வரும். ஒன்பது இலக்க மொபைல் எண் வராது. பயனர் தவறாகக் கொடுத்தார், நாம் சரியாக மறுத்தோம். சேவை தன் வேலையைச் செய்திருக்கிறது, இன்ஃபோ போதும். இந்தக் கோட்டைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் சாட்சி. பிரவுசர் தானாகவே தேடும் ஃபேவிகான் படம் சர்வரில் இல்லையென்றால், வழக்கமான அமைப்பில் அது எரர் லெவலில் ஒரு வரி எழுதும். ஃபைலைத் திறக்க முயன்றது, இல்லை, அவ்வளவுதான். ஃபைல் சர்வர் என்ற கோணத்தில் நியாயம்தான். ஆனால் அந்த எரர்களை எண்ணி அலாரம் வைத்தால் தூக்கம் போகும்.

வார்னிங்தான் நான்கில் பலவீனமானது, சேனி சொன்னதில் உண்மை இருக்கிறது. வார்னிங் என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, 'இது எரரா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை' என்பதன் சுருக்கம். டிஸ்க் நிரம்புகிறது, பதில் வர நேரமாகிறது போன்றவை மெட்ரிக்காக (தொடர்ந்து அளந்து வரைபடமாக்கும் எண்ணாக) இருக்க வேண்டியவை; லாகில் வார்னிங்காக எழுதினால் வரைபடம் கிடைக்காது, வரம்பை மாற்ற கோடைத் திருத்த வேண்டும். ஆனாலும் வார்னிங்கை நான் வைத்துக்கொள்வேன். கைவிடப்படப்போகும் ஒரு ஏபிஐயை யாரோ இன்னும் அழைக்கிறார்கள், கன்ஃபிகில் ஒரு மதிப்பு இல்லாததால் இயல்பு மதிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது, முதன்மை எஸ்எம்எஸ் நிறுவனம் கைவிட்டதால் மாற்று நிறுவனம் வழியாகப் போனது. இவை இன்று யாரையும் பாதிக்கவில்லை, இந்த வாரத்துக்குள் ஒருவர் பார்த்தால் நல்லது. வாரம் ஒருமுறை ஒருவர் வார்னிங் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் சரிசெய்யவோ இன்ஃபோவாக இறக்கவோ வேண்டும். அந்தப் பழக்கத்தை டீம் ஏற்கத் தயாரில்லை என்றால் வார்னிங்கை எடுத்துவிடுங்கள், மூன்றோடு ஓட்டுங்கள். படிக்க ஆளில்லாத லெவலுக்கு மாதாமாதம் ஸ்டோரேஜ் வாடகை எதற்கு?

இதே இடத்தில் ரீட்ரைக்கும் பதில் கிடைக்கிறது. இரண்டாம் முயற்சியில் போய்ச் சேர்ந்த ஓடிபி இன்ஃபோ. தனி ஒரு ரீட்ரையில் யாருக்கும் வேலை இல்லை. ரீட்ரை விகிதம் ஏறுகிறது என்றால் வேலை இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டியது மெட்ரிக்.

இன்ஃபோ பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை: நாளைக்கு ஒருவர் புகார் கொடுத்தால் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்கத் தேவையானது. டீபக்கில் இரண்டு விஷயம். புரொடக்‌ஷனில் அது அணைந்திருக்கும், ஆனால் மறுபடி டிப்ளாய் செய்யாமல் ஏற்ற முடிய வேண்டும். ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் இருக்கும் ஆக்சுவேட்டரில் ஓடும்போதே ஒரு குறிப்பிட்ட பேக்கேஜுக்கு மட்டும் லெவலை மாற்றலாம்; இந்த வசதி இல்லாத டீபக் உங்கள் லேப்டாப்பைத் தாண்டி உதவாது. இரண்டாவது, ரகசியங்கள். 'டீபக்தானே, புரொடக்‌ஷனில் ஓடாது' என்று ஓடிபியையே டீபக்கில் எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை வரும் நாளில் டீபக்கை ஏற்றுவோம், அந்த நாளில் ஓடிபி எல்லாம் லாகில் இருக்கும். 2018 மே மாதத்தில் ட்விட்டர், தன் உள் லாக் ஒன்றில் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, பயனர்கள் எல்லோரையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி கேட்டது. எந்த லெவலாக இருந்தாலும் மறைப்பது தனி வேலை. லெவல் பூட்டு ஆகாது.

நீங்கள் எழுதுவது பிறர் பயன்படுத்தப்போகும் லைப்ரரி என்றால் இன்னும் சிக்கனமாக இருங்கள். மேலே ஒருவர் ரீட்ரை வைத்திருக்கிறாரா, இந்தத் தோல்வி அவருக்குப் பொருட்டா என்பது லைப்ரரிக்குத் தெரியாது. டீபக்கில் எழுதுங்கள், எரரைத் திருப்பிக் கொடுங்கள். இன்ஃபோவும் எரரும் அப்ளிகேஷன்காரரின் சொத்து.

எண்களை நம்பாதீர்கள்

பல மொழிகள் ஓடும் இடத்தில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பள்ளத்தில் விழ வாய்ப்புண்டு. பைத்தானில் 30 என்றால் வார்னிங். பினோவில் 30 என்றால் இன்ஃபோ, அதுவும் இயல்பாக எண்ணை மட்டும்தான் எழுதும். மோனோலாகிலும் லாக்4ஜே 2இலும் 300 வார்னிங். கூகுள் கிளவுடில் 300 நோட்டீஸ். சிஸ்லாகில் எண் குறைந்தால் மோசம், பைத்தானில் எண் கூடினால் மோசம், லாக்4ஜே 2இல் மறுபடியும் குறைந்தால் மோசம். எனவே அனுப்பும்போது பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.

கருவிகளுக்கு இடையிலான பொதுத் தரமான ஓப்பன் டெலிமெட்ரி 1 முதல் 24 வரை வைத்திருப்பது இதற்கான பாலம். டிரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர், ஃபேட்டல் என்று ஆறு கூடை, கூடைக்கு நான்கு எண். சிஸ்லாகின் எரர் 17, கிரிட்டிக்கல் 18, அலர்ட் 19 என்று மூன்றும் எரர் கூடைக்குள் போய்விடும்; எமர்ஜென்சி மட்டும் 21, ஃபேட்டல். மூன்று பெயருக்கு ஒரே வேலை என்று மேலே சொன்னது இங்கே அட்டவணையாகவே கிடக்கிறது. எஸ்லாக் எண்ணோடு 9 கூட்டினால் ஓப்பன் டெலிமெட்ரி எண் வரும்படியும் அமைத்திருக்கிறார்கள். ஆனால் 24ஐப் பார்த்து மயங்கி, டெவலப்பர்களை 'இன்ஃபோ3' என்றெல்லாம் எழுதச் சொல்லாதீர்கள். அது கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி.

கன்டெய்னரில் இன்னொரு பொறி. பைத்தான் லாகிங் இயல்பாக எஸ்டிடிஎரர் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) வழியாக எழுதும். கூகுளின் குபர்நெட்டஸ் சேவை, எஸ்டிடிஎரரில் வரும் வெறும் உரையை எரர் என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, உங்கள் இன்ஃபோ வரிகள் எல்லாம் சிவப்பாகத் தெரியும். சிஸ்டம்டி நேர்மாறு: எந்த வழியில் வந்தாலும் இன்ஃபோ என்றே பதியும், வரியின் தொடக்கத்தில் <3> என்பதுபோல எண் இருந்தால் மட்டும் அதை மதிக்கும். முன்னதற்கு, ஜேசனாக எழுதி தீவிரத்தை உரிய ஃபீல்டில் வைப்பதே வழி.

யார் எதை எடுப்பது

கெர்னல், டீமன், நெட்வொர்க் கருவி என்றால் எட்டு. குபர்நெட்டஸ் கன்ட்ரோலர் என்றால் லாக்ஆரின் இரண்டு, சுற்றியிருப்பவர்கள் அதைத்தான் பேசுகிறார்கள். பிஹெச்பி டீம் மோனோலாகை விட்டு ஓட வேண்டியதில்லை. எட்டும் லைப்ரரியில் இருக்கட்டும், ரிவ்யூவில் நான்கை மட்டும் அனுமதியுங்கள். கோடைத் தானாகச் சோதிக்கும் லின்டரில் ஒரு விதி போட்டுவிட்டால் சண்டையும் இருக்காது. பைத்தானில் கிரிட்டிக்கலையும், லாக்4ஜேயில் ஃபேட்டலையும் அதேபோல ஒதுக்கிவையுங்கள். புராசஸ் நிற்க வேண்டும் என்றால் எரர் ஒன்றை எழுதிவிட்டு, வெளியேறுவதை மெயின் ஃபங்ஷன் முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை என்றால் கோடு முழுவதையும் திருத்த உட்காராதீர்கள். கடந்த வாரத்து எரர்களை எடுத்து, ஒரே மாதிரி செய்திகளைச் சேர்த்து, எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் ஐந்தாறு செய்திகள்தான் மொத்தத்தில் பெரும் பங்கு. ஒவ்வொன்றுக்கும் ஆன்-காலில் இருந்தவரிடம் கேளுங்கள்: இதைப் பார்த்து என்ன செய்தீர்கள்? 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதே நாளில் இன்ஃபோவாக இறக்குங்கள். 'டிக்கெட் போட்டேன்' என்றால் வார்னிங். அடுத்த வாரம் மறுபடியும் மேலே இருக்கும் ஐந்தாறு. அலாரங்களை மட்டும் முதல் நாளே லெவலிலிருந்து கழற்றி, ஓடிபி எத்தனை விழுக்காடு போய்ச் சேர்கிறது என்ற மெட்ரிக்கில் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் லெவலை இறக்கும் ஒவ்வொரு பிஆரிலும் (கோடு மாற்றக் கோரிக்கையிலும்) 'அலாரம் அடிக்காமல் போய்விடுமே' என்று யாராவது தடுப்பார்கள்.